புகைக்கூடும் வாடகை அறையும்

லண்டன் தமிழ்க் கடைகளின் கண்ணாடியில் ஒட்டப்பட்டிருக்கும் அறை விளம்பரங்களை நான் இன்றும் நின்று வாசிப்பேன். "சிங்கிள் ரூம். பெண்களுக்கு மட்டும். பில் உட்பட. ஸ்டேசனுக்கு ஐந்து நிமிடம்." சிலவற்றில் "அமைதியானவராக இருத்தல் வேண்டும்" என்றும் இருக்கும். "பெண்களுக்கு மட்டும்" என்பதைக் கண்டதும் பாதுகாப்பான வீடு என்று நினைத்துத்தான் நாங்கள் போன் எடுக்கிறோம். நான்கு வீடுகளில் அறை எடுத்து இருந்த பிறகு அந்தச் சொல்லின் மற்றப் பொருளும் எனக்கு விளங்கிவிட்டது. பெண் குசினியைத் துடைத்து வைப்பாள். வாடகையைத் திகதி தவறாமல் கொடுப்பாள். வீட்டு விசயம் எதையும் வெளியில் கொண்டுபோக மாட்டாள்.

நான் ஒரு விசயத்தை வெளியில் கொண்டுபோனேன். அது புகை பற்றியது. அதற்குப் பிறகு நடந்தவற்றிலிருந்து, இந்த நாட்டின் உள்ளூராட்சிச் சட்டங்கள் ஒரு வீட்டை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கின்றன என்பதைக் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2022 ஒக்ரோபரில் கிழக்கு லண்டனில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்தேன். விக்ரோறியா மகாராணி காலத்து வரிசை வீடு. கீழே வீட்டுக்காரரும் மனைவியும். மேலே இரண்டு அறைகள். ஒன்றில் நான், மற்றதில் இரவு முழுக்க அலுவலகக் கட்டடங்களைத் துப்பரவு செய்துவிட்டு விடிய ஏழு மணிக்கு வந்து படுக்கும் ஓர் அக்கா. அந்தக் குளிர்காலத்தில் எரிவாயுக் கட்டணம் எல்லோருடைய கழுத்தையும் நெரித்தது. வீட்டுக்காரர் ஹீற்றரைப் பின்னேரம் ஒரு மணித்தியாலம் மட்டும் போட்டார். நவம்பரில் தங்கள் முன்னறையில் ஒரு விறகடுப்புப் பூட்டினார். விறகு வாங்கவில்லை. கடைகளின் பின்புறம் எறியப்படும் மரத்தட்டுகள், உடைந்த அலுமாரிக் கதவுகள், வர்ணம் பூசிய பலகைகள் எல்லாம் அதற்குள் போயின. "சும்மா கிடைக்கிற விறகு. ஏன் காசைக் கொட்டுவான்?" என்றார்.

அந்தக் காலத்து வீடுகளில் அநேகமாக ஒவ்வோர் அறைக்கும் ஒரு கணப்பு இருந்தது. அவற்றின் குழாய்கள் சுவருக்குள் பக்கம் பக்கமாக ஏறிக் கூரைக்கு மேலே ஒரே புகைக்கூட்டில் முடியும். குழாய்களுக்கு நடுவே இருப்பது மெல்லிய செங்கல் தடுப்பு. காலத்தோடு சாந்து உதிர்ந்துவிட்டால் கீழறைப் புகை மேலறைக் குழாய்க்குள் கசியும். என் அறையிலிருந்த கணப்பை யாரோ ஒரு பலகையால் மூடி வெள்ளை அடித்திருந்தார்கள். இரண்டு கிழமைக்குள் அந்தப் பலகையின் ஓரங்கள் மஞ்சளாயின. என் துவாயும் தலையணையும் எரிந்த பெயின்ற் மணந்தன. அக்கா நித்திரை கொள்ளும் பகல் நேரத்தில்தான் அடுப்பு எரியும். அவருடைய இருமல் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும்.

புகை எனக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் அம்மா கொக்கரையும் ஊமலும் காவோலையும் வைத்துத்தான் எரித்தார். எங்கள் வீட்டில் குசினி பின்பக்கம், அப்பாவின் சாய்மனைக் கதிரை முன் விறாந்தையில். எந்தப் பக்கம் காற்றடித்தாலும் விறாந்தைக்குப் புகை வராது. அம்மாவின் கண்ணெரிவும் மூச்சிழுப்பும் குசினி விசயம், அது விறாந்தையில் கதைக்கப்படுவதில்லை. பின்னாளில் அவரைப் பரிசோதித்த வைத்தியர் "புகைப்பிடிக்கிற பழக்கம் இருந்ததா?" என்று கேட்டார். சுருட்டைக் கையால் தொடாத மனுசி, என்ன சொல்வதென்று தெரியாமல் சிரித்தார். வீட்டுக்குள் எரியும் விறகும் கரியும் மண்ணெண்ணெயும் விடும் புகையால் 2020 இல் மட்டும் உலகில் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அடுப்படியில் நிற்பவர்களும் அவர்களின் இடுப்பிலிருக்கும் குழந்தைகளும்தான் அந்தப் புகையைக் கூடுதலாகக் குடிக்கிறார்கள்.

அம்மாவுக்கு வேறு எரிபொருள் இருக்கவில்லை. லண்டனில் கதை வேறு. இங்கே விறகடுப்பு வைத்திருக்கும் பெரும்பாலானோரின் வீட்டில் ஹீற்றரும் உண்டு. நெருப்பைப் பார்த்துக்கொண்டிருக்க ஆசைப்படுகிற வசதியான குடும்பங்களும், பில்லைக் குறைக்கப் பழைய பலகை எரிக்கிற எங்கள் வீட்டுக்காரர் போன்றவர்களும் சேர்ந்து விடுகிற நுண்துகள், இந்த நாட்டு வாகனங்களின் புகைக்குழாய்களிலிருந்து வருவதைவிடக் கூட. வர்ணமோ பூச்சிமருந்தோ ஏற்றிய பழைய மரமானால் அந்தப் புகையோடு ஈயமும் ஆர்செனிக்கும் வரக்கூடும்.

புகை பற்றி முறையிட்ட பெண்களின் வரலாற்றில் முதலில் வருபவர் ஓர் அரசி. 1257 இல் மூன்றாம் ஹென்றியின் மனைவி எலினோர், நொட்டிங்காம் கோட்டையில் தங்கியிருந்தபோது நிலக்கரிப் புகை தாங்காமல் டட்பெரி கோட்டைக்குப் போய்விட்டதாக அக்காலத் துறவிமட ஆண்டேடு ஒன்று சொல்கிறது. அவருக்குப் போக இன்னொரு கோட்டை இருந்தது. அந்த நகரில் அதே புகைக்குள் சமைத்த பெண்களைப் பற்றி ஆண்டேட்டில் ஒன்றும் இல்லை.

அதற்கு ஏழு நூற்றாண்டுகள் கழித்து, 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனைப் புகைப்பனி மூடியது. அப்போது சுமார் 4,000 பேர் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். பின்வந்த ஆய்வுகள் அது 12,000 வரை இருக்கலாம் என்கின்றன. அதன் பிறகு வந்ததுதான் 1956 ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம். தொழிற்சாலைப் புகையோடு வீட்டுக் கணப்பின் புகையையும் அது தொட்டது. ஒரு பகுதியைப் புகைக்கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவிக்கும் அதிகாரத்தை உள்ளூராட்சிகளுக்குக் கொடுத்தது. கணப்பை மாற்றும் செலவில் பத்தில் ஏழு பங்கைத் திருப்பிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. தடையும் உதவியும் ஒன்றாக வந்ததால்தான் சனங்கள் மாறினார்கள்.

இன்று லண்டனின் பெரும்பகுதி புகைக்கட்டுப்பாட்டுப் பகுதிதான். அங்கே அங்கீகரிக்கப்பட்ட அடுப்பில்லாமல் விறகு எரித்துப் புகைக்கூட்டிலிருந்து புகை வந்தால் கவுன்சில் தண்டம் விதிக்கலாம். 2021 ஆம் ஆண்டின் சுற்றாடல் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்தில் அது 175 முதல் 300 பவுண்ஸ். எங்கள் வீட்டில் ஓர் அறையின் மாத வாடகையில் பாதி.

இனி என் முறைப்பாட்டுக்கு வருகிறேன். கவுன்சிலின் படிவம் கேட்டது: எந்தத் திகதி, எத்தனை மணி, எவ்வளவு நேரம், புகைக்கூட்டிலிருந்து புகை வருவது தெரியும் படம் இருக்கிறதா? படம் எடுக்க வேண்டுமானால் வீட்டுக்கு வெளியே போய் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கூரையைப் பார்த்துப் போனைத் தூக்க வேண்டும். என் அறைக்குள் வரும் புகையைக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டமும் இருக்கவில்லை. தொலைபேசியில் கதைத்த அலுவலர் அன்பானவர்தான். "அது வீடமைப்புப் பகுதி" என்று இன்னோர் இலக்கம் தந்தார்.

வீடமைப்புப் பகுதிக்கு வேறு சட்டம். 2004 ஆம் ஆண்டின் வீடமைப்புச் சட்டத்தின் கீழ், வாழும் இடமொன்றில் உடல்நலத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளை மதிப்பிட ஒரு முறை உண்டு. 2006 இல் நடைமுறைக்கு வந்த அந்தப் பட்டியலில் 29 ஆபத்துகள்: ஈரமும் பூஞ்சணமும், கடுங்குளிர், நெருக்கடி, காபன் மொனொக்சைட்டும் எரிபொருள் புகையும் என்று போகும். ஆகவே எங்கள் வீட்டையும் வந்து பார்க்கலாம். ஆனால் பரிசோதிக்க வருமுன் வீட்டுக்காரருக்குக் குறைந்தது 24 மணித்தியால அறிவித்தல் கொடுக்க வேண்டியிருந்தது. "உங்கள் பெயரைச் சொல்ல மாட்டோம்" என்றார் அந்தப் பகுதி அலுவலர். மேல்மாடியில் இருந்தது இரண்டு பெண்கள். அதில் ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது. பெயர் சொல்ல என்ன இருக்கிறது?

கவுன்சில் தானாக ஏன் இந்த வீட்டுக்கு வரவில்லை என்று கேட்டேன். அப்போதுதான் எங்கள் இடம் எனக்குத் தெரிந்தது. பல குடும்பங்கள் பகிரும் பெரிய வீடுகளுக்கு, அதாவது ஒரே குடும்பமல்லாத ஐந்து பேரோ அதற்கு மேற்பட்டோரோ இருந்தால், இங்கிலாந்து முழுவதும் உரிமம் கட்டாயம். சில கவுன்சில்கள் இன்னும் முன்னே போயிருக்கின்றன. 2013 ஜனவரி 1 இல் நியூஹாம் தன் எல்லைக்குள் தனியார் வாடகை வீடுகள் எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும் என்று கொண்டுவந்தது. முழு நகருக்கும் அப்படிச் செய்த முதல் கவுன்சில் அதுதான். உரிமம் இருந்தால் வாடகைக்கு இருப்பவர் வாய் திறக்காமலே அலுவலர் கதவைத் தட்ட ஒரு காரணம் கிடைக்கிறது. அதன் பெரிய பயன் அதுதான்.

ஆனால் வீட்டுக்காரர் தானும் அதே வீட்டில் குடியிருந்து, ஓரிருவரை மட்டும் அறையில் வைத்திருந்தால், அது இந்த எந்த உரிமத்துக்குள்ளும் வராது. சட்டத்தின் கண்ணில் அது அவருடைய குடும்ப வீடு. நாங்கள் அதில் தங்கியிருப்பவர்கள். நான் குடிபோன அதே மாதம், 2022 ஒக்ரோபர் 1 இல், அடுப்போ கொதிகலனோ உள்ள வாடகை வீட்டு அறைகளில் காபன் மொனொக்சைட் அலாரம் பூட்ட வேண்டும் என்ற விதி விரிவாக்கப்பட்டது. வீட்டுக்காரரோடு வசதிகளைப் பகிர்ந்து இருப்பவர்களுக்கு அந்த விதியும் இல்லை. நான் என் காசில் ஒன்று வாங்கி அக்காவின் அறையில் வைத்தேன்; பகலில் நித்திரை கொள்கிறவர் அவர்தானே.

அலுவலர் வந்த நாள் அடுப்பு எரியவில்லை. மரத்தட்டுகள் பின்வளவில் தறப்பாளால் மூடப்பட்டிருந்தன. வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் கதைத்தார், சிரித்தார், அடுப்பின் பற்றுச்சீட்டைக் காட்டினார். அவருடைய மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிறவர், தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினி வாசலில் நின்றார். நாள் முழுக்க அந்த வீட்டில் இருக்கிறவர் அவர். விறகு போடுவதும் சாம்பல் அள்ளுவதும் அவர். அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கப்படவில்லை. அக்கா மேலே நித்திரை. என் அறைப் பலகையின் மஞ்சள் ஓரத்தை அலுவலர் படம் எடுத்தார். பதினைந்து நாளில் எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. தண்டம் இல்லை.

அதற்கு அடுத்த கிழமை வீட்டுக்காரர் மாடிப்படியின் கீழ் நின்று என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, மகள் திரும்பி வாறா. ரெண்டு அறையும் வேணும். ஒரு மாசம் தாறன்." குரல் உயரவில்லை. அக்காவுக்கும் அதே வார்த்தைகள்.

2015 ஆம் ஆண்டின் ஒரு சட்டம் இப்படியான பழிவாங்கலைத் தடுக்கப் பார்த்தது. வாடகைக்கு இருப்பவர் முறைப்பாடு செய்து, கவுன்சில் திருத்த அறிவித்தல் கொடுத்திருந்தால், ஆறு மாதத்துக்குக் காரணமில்லாமல் வெளியேற்ற முடியாது. 2025 ஒக்ரோபரில் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம் காரணமில்லாத வெளியேற்றத்தையே ஒழிக்கிறது. பெண்கள் அமைப்புகளும் வாடகையாளர் சங்கங்களும் பல வருடம் கேட்டுப் பெற்றது அது. நானும் மகிழ்ந்தேன். ஆனால் வீட்டுக்காரரின் வீட்டிலேயே அறை எடுத்திருப்பவர்களுக்கு இரண்டும் பொருந்தாது. அவர்களுக்கு நியாயமான கால அறிவித்தல் போதும். தமிழ்க் கடைக் கண்ணாடியில் "பெண்களுக்கு மட்டும்" என்று இருக்கும் அறைகளில் எத்தனையோ இந்த வகைதான்.

நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அன்ரி மேலே வந்தார். அவர் மாடிக்கு வந்து நான் கண்டதில்லை. மூடிய கணப்பைத் தடவிப் பார்த்தார். "பிள்ளை, நீர் எழுதினது சரிதான். எனக்கும் இரவிலை மூச்சு முட்டுது, ஒருத்தருக்கும் சொல்லேல்லை. உங்களுக்கு ஒரு மாசம் தந்திருக்கிறார். எனக்கு ஆர் மாசம் தாறது?" என்றார். வீடு கணவரின் பெயரில். வங்கிக் கடனும் அவர் பெயரில். முப்பது வருடமாக அந்த வீட்டைக் கூட்டித் துடைத்தவருக்கு அந்த வீட்டைப் பற்றிய எந்தப் படிவத்திலும் இடமில்லை. உரிமையாளர் இல்லை, வாடகையாளர் இல்லை, முறைப்பாட்டாளரும் இல்லை.

அன்று வரைக்கும் இதை வீட்டுக்காரருக்கும் எங்களுக்குமான வழக்காக நினைத்திருந்தேன். அன்ரியின் கேள்வி அதைப் பெரிதாக்கிவிட்டது. கவுன்சிலின் ஒரு பகுதி கூரைக்கு மேலே தெரியும் புகையைப் பார்க்கிறது. இன்னொரு பகுதி உரிமத்தையும் ஒப்பந்தத்தையும் பார்க்கிறது. இரண்டும் கையெழுத்துப் போட்டவரோடுதான் கதைக்கின்றன. புகையை மூச்சாக இழுக்கிறவர் யார், அவர் எத்தனை மணித்தியாலம் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறார் என்பது இரண்டு கோப்பிலும் இல்லை. அதைச் சொல்லும் பொறுப்பை முறைப்பாட்டின் மேல் போட்டிருக்கிறார்கள். முறைப்பாடு செய்தால் கூரை போய்விடும் என்று தெரிந்தவளிடம் முறைப்பாட்டை எதிர்பார்த்து நடத்தும் மேற்பார்வை, மேற்பார்வையே இல்லை.

தாய்மார் விடாமல் நின்றபோது சட்டம் அசைந்திருக்கிறது. தெற்கு லண்டன் லூயிஷத்தில், பெருந்தெரு ஒன்றுக்கு அருகே வாழ்ந்த எலா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013 இல் ஆஸ்துமாவால் இறந்தாள். அவளுடைய தாய் ரோசமண்ட் அடூ-கிசி-டெப்ரா முதல் மரண விசாரணையின் முடிவை ஏற்காமல் ஏழு வருடம் போராடினார். 2020 டிசம்பரில் இரண்டாவது விசாரணை, காற்று மாசும் மரணத்துக்குக் காரணம் என்று பதிந்தது. இந்த நாட்டில் அப்படிப் பதியப்பட்ட முதல் மரணம் அது. அதே மாதம் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, பூஞ்சணம் பிடித்த வாடகை வீட்டில் மூச்சு நோயால் இறந்தான். பெற்றோர் முறையிட்டுக்கொண்டே இருந்தவர்கள். அவன் பெயரால் வந்த சட்டம், சமூக வீடுகளில் ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்கிறது. இரண்டு சட்டப் போராட்டங்களுக்கும் முன்னால் ஒரு குழந்தையின் சாவு இருக்க வேண்டியிருந்தது.

என் தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "சட்டத்தை இறுக்கினால் எங்கடை ஆக்கள் அறையே தரமாட்டினம். புதுசா வாற பெட்டையள் எங்கை போவினம்?" என்றாள். அது நியாயமான கேள்வி. சம்பளச் சிட்டையும் வங்கிக் கணக்கும் உத்தரவாதக்காரரும் இல்லாத ஒருத்திக்கு இந்த நகரத்தில் முதலில் திறக்கிற கதவு இப்படியான வீட்டின் கதவுதான். எனக்கும் அப்படித்தான் திறந்தது. அந்தக் கதவுகளை மூடச் சொல்லி நான் கேட்கவில்லை. 1956 இல் செய்ததுபோல் தடையோடு உதவியும் வரட்டும். புகைக்கூட்டைச் சோதிக்கவும் அலாரம் பூட்டவும் கவுன்சில் காசு கொடுக்கட்டும். அலாரம் எல்லா அறைக்கும் பொதுவாகட்டும், வீட்டுக்காரர் கீழே படுத்தாலும் பக்கத்துத் தெருவில் படுத்தாலும். முறைப்பாடு செய்தவருக்கு அந்த ஆறு மாதப் பாதுகாப்பு அறையில் இருப்பவளுக்கும் கிடைக்கட்டும். பரிசோதனைக்கு வருகிறவர் வீட்டிலுள்ள ஒவ்வொரு பெண்ணுடனும் தனியாக, அவளுடைய மொழியில், அந்த வீட்டு ஆணை மொழிபெயர்ப்பாளராக வைக்காமல் கதைக்கட்டும்.

அக்கா இப்போது வேறு ஊரில், வேறு மேல்மாடியில். இருமல் குறைந்திருக்கிறது என்கிறார். நான் சனிக்கிழமைகளில் ஒரு நூலகத்தில் தமிழ்ப் பெண்களுக்குக் கவுன்சில் படிவங்கள் நிரப்ப உதவுகிறேன். ஈரம், பூஞ்சணம், குளிர், சில வேளை புகை. படிவத்தின் கடைசியில் "வேறு தகவல்" என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். பகலில் இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதில் எழுதச் சொல்வேன். சிலர் தங்கள் பெயரை எழுதுவதற்கு முன் என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது அவர்களுக்குச் சட்டம் எதுவரை காக்கும், எதற்கு மேல் காக்காது என்பதை ஒன்றும் மறைக்காமல் சொல்வேன். அதன் பிறகு எழுதுவதா இல்லையா என்பது அவர்களுடைய முடிவு. போன மாதம் வந்த ஒரு வீட்டுக்காரரின் மனைவி, அந்தக் கட்டத்தில் தன் பெயரை மட்டும் எழுதினார்.